ஒரு மலிவு ரிசீவரும் அப்பாவின் காதும்

அப்பாவுக்கு இடது காது மந்தமாகத் தொடங்கிய அதே வருஷத்தில்தான் அந்த ரிசீவரை, அதாவது டி.வி.யின் ஒலியைப் பெருக்கிச் சுற்றியுள்ள ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டியை, வாங்கினேன். வாங்கும்போது அவர் காது என் நினைப்பிலேயே இல்லை. ஹெலிகாப்டர் தலைக்குப் பின்னாலிருந்து வர வேண்டும், இடி இடித்தால் தரை அதிர வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கையில் இருந்த பணத்துக்கு அந்தக் கம்பெனியின் வரிசையில் அடிமட்ட மாடல்தான் கிடைத்தது. 5.1 சேனல் (முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று ஐந்து ஸ்பீக்கர், பாஸ் எனும் அடி ஒலிக்கு ஒரு சப்வூஃபர்), நாலு எச்.டி.எம்.ஐ. இன்புட், ஒரு அவுட்புட், ப்ளூடூத். 7 வருஷம் ஆகிவிட்டது, இன்னும் அதே பெட்டிதான் டி.வி.க்குக் கீழே இருக்கிறது. இந்த மாதிரி ஒன்றை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், வசனம் தெளிவாகக் கேட்பதற்காக வாங்குங்கள், வாங்கிய பிறகு வசனத்துக்காகவே அதைச் சரிசெய்யுங்கள் என்று சொல்கிறேன். அது எப்படி என் பதிலானது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வாட்ஸ் கதையை முடித்துவிடலாம். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் சேனலுக்கு 140 வாட்ஸ் என்று போட்டிருந்தது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அதே ரிசீவருக்கு 70 வாட்ஸ். இரண்டுமே அளந்த எண்கள்தான், அளந்த விதம் வேறு. 140 என்பது 6 ஓம் சுமையில், 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே சுருதியை, ஒரே ஒரு சேனலில் ஓடவிட்டு, டிஸ்டார்ஷன் (ஒலியின் சிதைவு) 10 சதவீதத்தைத் தொடும்வரை முறுக்கி எடுத்தது. 70 என்பது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல் சேர்ந்து ஓடும்போது, டிஸ்டார்ஷன் ஒரு சதவீதத்துக்கும் வெகு கீழே இருக்கும்படி அளந்தது. படத்தில் ஐந்து சேனலும் ஒன்றாக முழங்கும் நேரத்தில் அந்த 70-ம் ஒவ்வொன்றுக்கும் முழுசாகக் கிடைக்காது, ஏனென்றால் ஐந்தும் ஒரே பவர் சப்ளையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. இந்த எண் குழப்பம் ரொம்பப் பழசு. வீட்டு ஆம்ப்ளிஃபயரின் வாட்ஸை எப்படி அளந்து விளம்பரத்தில் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் 1974-லேயே தனியாக ஒரு விதி போட வேண்டியிருந்தது.

பாதி ஏமாந்துவிட்டோமோ என்று கொஞ்ச நாள் மனசு உறுத்தியது. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் வரும். நாங்கள் உட்காரும் 3 மீட்டரில் அது 80-ஐ ஒட்டி இருக்கும். மனிதர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60 டெசிபல் சுமாருக்கு. ஆக, இரண்டு பேர் பேசும் காட்சியில் இந்தப் பெட்டி ஒரு வாட்டில் சின்னப் பங்கைத்தான் செலவழிக்கிறது. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 140-ஓ 70-ஓ, எங்கள் அறைக்கு அந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. வாங்குகிறவர்கள் பெட்டியின் மேல் எழுதிய எண்ணில் செலவழிக்கும் கவலையை ஸ்பீக்கரில் செலவழிக்கலாம். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

எங்கள் வீட்டு உண்மையான பிரச்சினை வேறு. முதல் 5 மாதம் நான் 5.1 என்று நம்பிக் கேட்டுக்கொண்டிருந்தது 5.1-ஏ இல்லை. வந்த அன்றே ரிமோட்டில் ஒவ்வொரு சவுண்ட் மோடாக அழுத்திப் பார்த்து, எது அதிகச் சத்தமாக இருந்ததோ அதில் விட்டுவிட்டேன். அது எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஸ்டீரியோவைக் கொட்டும் மோட். பின்னால் இருந்தும் சத்தம் வந்ததால் சந்தேகமே வரவில்லை. ஆனால் அப்பா படத்தின் நடுவில் எழுந்து போய்ப் படுக்கத் தொடங்கினார். முன்பெல்லாம் “என்ன சொன்னான்?” என்று கேட்பார். நான் சொல்லுவேன். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் போய்விடும். கொஞ்ச நாளில் அவர் கேட்பதையும் விட்டுவிட்டார். தூக்கம் வருகிறது என்பார், நானும் அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் ராத்திரி தற்செயலாக ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தினேன். ரிசீவரின் முகப்பில் ‘பி.சி.எம். 2.0’ என்று, அதாவது சாதாரண இரண்டு சேனல் ஸ்டீரியோ என்று, ஓடியது. உள்ளே வருவதே இரண்டு சேனல்தான். டி.வி.யின் செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் என்று ஒரு வரி உண்டு. அது பி.சி.எம்.-இல் இருந்தால், படம் 5.1-இல் இருந்தாலும் ஆர்க் (டி.வி.யின் ஒலியை எச்.டி.எம்.ஐ. ஒயரிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வழி) வழியாக வெளியே போவது ஸ்டீரியோ மட்டும்தான். எங்கள் டி.வி. வந்ததே அப்படித்தான். அதை ‘ஆட்டோ’வுக்கு மாற்றினேன் (சில டி.வி.களில் ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று இருக்கும்). ஒரு நொடி நிசப்தம், உள்ளே ரிலே ‘டிக்’ என்று ஒரு தட்டு, முகப்பில் ‘டால்பி டிஜிட்டல்’, அதாவது 5.1 ஒலி. அப்போது ஓடிக்கொண்டிருந்தது மழையில் இரண்டு பேர் நின்று பேசும் காட்சி. அதுவரை மழையும் பேச்சும் ஒரே கூழாகக் கிடந்தன. சட்டென்று மழை பக்கவாட்டுக்கும் முதுகுக்குப் பின்னாலும் விலகிப் போய்விட்டது, குரல்கள் மட்டும் திரைக்கு நேர் கீழே தனியாக நின்றன. புதிதாக ரிசீவர் வாங்கிய யாரும் செய்ய வேண்டிய முதல் வேலை இந்த இன்ஃபோ பட்டனை அழுத்திப் பார்ப்பதுதான். முகப்பில் என்ன வருகிறது என்று படித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

5.1-இல் வசனத்தின் பெரும்பகுதி முன்னால் நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வருகிறது. அதனால் அடுத்து என் கவனம் அங்கே போனது. அதை டி.வி. ஸ்டாண்டின் நடுத் தட்டில், உள்ளே நன்றாகத் தள்ளி வைத்திருந்தேன், வெளியே தெரியாமல் அழகாக இருக்கட்டும் என்று. ஒரு மாலை அந்தத் தட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கேட்டேன். குரல் பானைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. மேல் தட்டிலும் பக்கச் சுவரிலும் பட்டுத் தெறித்து வருகிற ஒலி அது. ஸ்பீக்கரின் முகம் பார்த்துக்கொண்டிருந்ததும் எங்கள் முழங்காலை. அதைத் தட்டின் விளிம்பு வரைக்கும், ஒரு விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி இழுத்தேன். முன்பக்க அடியில் இரண்டு ரப்பர் துண்டைச் செருகி, முகம் காதைப் பார்க்கும்படி நிமிர்த்தினேன். அதோடு சென்டர் அளவை 3 டெசிபல் ஏற்றினேன். காசு செலவே இல்லாமல் இந்த 7 வருஷத்தில் செய்ததில் இதற்கு இணையாக வேறொன்று இல்லை. அடுத்த வாரம் அப்பா ஒரு படத்தைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். “இப்ப அவன் பேசறது தனியா கேக்குதுடா” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் இந்தப் பெட்டியை எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுபடி வாங்குவேன்.

அப்புறம்தான் பெட்டியோடு வந்த சின்ன மைக்கைக் கவனித்தேன். அறையை அளந்து ஸ்பீக்கர்களைச் சரிப்படுத்தும் இந்த வேலைக்கு ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு பெயர். யமஹாவில் ஒய்.பி.ஏ.ஓ., பயனீரில் எம்.சி.ஏ.சி.சி., டெனானிலும் மராண்ட்ஸிலும் ஆடிஸி. செய்வது ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு ஒலியை அனுப்பி, அது மைக்குக்கு வரும் நேரத்தையும் அளவையும் பார்த்து, தூரம், சத்தம், கொஞ்சம் ஈக்வலைசர் (எந்தச் சுருதியைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்ற திருத்தம்) எல்லாவற்றையும் தானே போட்டுக்கொள்ளும். முதல் தடவை மைக்கை சோபாவின் சாய்மானத்தில் மேலே வைத்தேன். அது தப்பு. மெத்தை அருகில் இருந்தால் அதுவும் அளவில் சேர்ந்துவிடும். இரண்டாவது தடவை கேமரா ஸ்டாண்டில் மாட்டி, உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் நிறுத்தி, ஃபேனை அணைத்து, எல்லாரையும் அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டுச் செய்தேன். நிறுத்திய இடம் அப்பாவின் நாற்காலி. வலது காது டி.வி. பக்கம் இருக்கட்டும் என்று அவர் எப்போதும் இடது ஓரத்தில்தான் உட்காருவார். அறைக்கு நடுவே அளந்து அவருக்கு என்ன பயன்?

அது போட்ட எண்களில் ஒன்று என்னைக் குழப்பியது. முன் ஸ்பீக்கர்களின் தூரம் டேப் வைத்து அளந்ததோடு அப்படியே ஒத்துப்போனது. சப்வூஃபருக்கு மட்டும் 4.9 மீட்டர் என்று காட்டியது. டேப்பில் 3.2 மீட்டர்தான். மைக் தப்பாக அளந்துவிட்டது என்று நினைத்து நானே 3.2 என்று திருத்தினேன். பாஸ் சொதசொதவென்று ஆகிவிட்டது. மத்தளம் அடிப்பதும் அதன் அடிநாதமும் ஒட்டாமல் முன்னும் பின்னுமாக விழுந்தன. விஷயம் என்னவென்றால், சப்வூஃபருக்குள் இருக்கும் சர்க்யூட் ஒலியைக் கொஞ்சம் தாமதப்படுத்திவிட்டுத்தான் வெளியே விடுகிறது. ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். 5 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் 1.7 மீட்டர் கூடுதல் தூரம் போலத்தான் மைக்குக்குத் தெரியும். ரிசீவருக்கு வேண்டியதும் அந்த நேரக் கணக்குதான், டேப் கணக்கு இல்லை. 4.9-க்கே திருப்பி வைத்தேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் அதன் முடிவை மாற்றியே ஆக வேண்டும். அது என் முன் ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று எழுதிக்கொண்டது. 5 அங்குல வூஃபர் (அடி ஒலியைத் தரும் கூம்பு) உள்ள சின்ன ஸ்பீக்கர் அது. லார்ஜ் என்று விட்டால் அடி பாஸ் எல்லாம் அதற்கே போகும். அதைத் தள்ளுவதற்குத்தான் இந்தச் சின்ன ரிசீவர் அதிகமாக மூச்சு வாங்கும். எல்லாவற்றையும் ‘ஸ்மால்’ ஆக்கி, ஒலியைச் சப்வூஃபருக்குப் பிரித்துவிடும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். அதற்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபர் தன் சொந்த ஆம்ப்பில் பார்த்துக்கொள்ளும், ரிசீவரின் சுமை பெருமளவு இறங்கிவிடும். 80-க்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்கு லேசில் பிடிபடாது, அதனால் இழப்பும் இல்லை. மலிவு ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு செட்டிங்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

சப்வூஃபர் வைத்த இடத்துக்கு வருகிறேன். முதலில் மூலையில் வைத்தேன், அங்கே வைத்தால் அதிரும் என்று. அதிர்ந்தது. அப்பா நெஞ்சை அடைக்கிறது என்றார். எங்கள் அறையின் நீளம் 4.3 மீட்டர். அந்த நீளத்துக்குள் 40 ஹெர்ட்ஸ் அலை சரியாகப் பாதி அடங்கும், அதனால் அந்த ஒரு சுருதி மட்டும் சுவருக்குச் சுவர் மோதி வீங்கி நிற்கும். கிட்டத்தட்ட எந்த அறைக்கும் இப்படி ஒரு வீக்கம் உண்டு, நீளத்தைப் பொறுத்து இடம் மாறும். இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி நாம் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, பாஸ் கிட்டார் நடந்துகொண்டே இருக்கும் ஒரு இசையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நாம் சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேட்க வேண்டும். சப்வூஃபரை வைக்கக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் தலையைத் தரைக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டேன். மூலையில் எல்லா ஸ்வரமும் ஒரே ‘பூம்’. ஒரு இடத்தில் பாஸே காணாமல் போய்விட்டது. மூலையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வந்ததும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, ஏறக்குறைய ஒரே அளவில் கேட்டது. அங்கேயே சாக்பீஸால் குறி போட்டேன். இன்றைக்கும் அது அந்தக் குறியில்தான் நிற்கிறது. பாஸ் அடங்கியதும் வசனம் இன்னும் ஒரு படி தெளிந்தது. வீங்கிய பாஸ் ஆண்குரலின் அடிப்பகுதியை எவ்வளவு மூடிக்கொண்டிருந்தது என்பது அது போன பிறகுதான் தெரிந்தது.

பயமுறுத்திய சம்பவங்கள் இரண்டு. மூன்றாவது மாதம் திடீரென்று பெட்டி அணைந்து, முகப்பில் ‘ப்ரொடெக்ட்’ என்று வந்தது. போய்விட்டது என்றே நினைத்தேன். எல்லா ஒயரையும் கழற்றிவிட்டுப் போட்டால் ஓடியது. ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வந்தபோது வலது பின் ஸ்பீக்கரில் மாட்டிக்கொண்டது. இந்த விலையில் பின் ஸ்பீக்கர்களுக்குத் திருகும் முனை கிடையாது, அமுக்கிச் செருகும் ஸ்பிரிங் கிளிப்தான். கறுப்பு ஒயரிலிருந்து முடி மாதிரி ஒரே ஒரு செம்பு இழை பிரிந்து சிவப்புப் பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் ஒரு சென்டிமீட்டர் மட்டும் உறையை உரித்து, இழைகளை இறுக்கி முறுக்கி, நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் செருகுவேன். இன்னொன்று சூடு. மூடிய அலமாரிக்குள், தலைக்கு மேல் மூன்று விரல் இடைவெளியில் வைத்திருந்தேன். நீளமான ஒரு படத்தின் கடைசிக் கால்மணி நேரத்தில் அணைந்துவிட்டது. வெளியே எடுத்துத் திறந்த தட்டில் வைத்த பிறகு ஒரு தடவைகூட அப்படி ஆகவில்லை.

ஆர்க் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். இந்த ரிசீவரில் இருப்பது 2009-இல் எச்.டி.எம்.ஐ. 1.4-உடன் வந்த சாதாரண ஆர்க். பின்னால் 2.1-உடன் வந்த ஈ-ஆர்க் இல்லை. ஸ்ட்ரீமிங்கில் படம் பார்ப்பதற்கு இதுவே போதும். ப்ளூரே டிஸ்க்கில் உள்ள ட்ரூ எச்.டி. எனும் தரம் குறையாத ஒலி இதன் வழியாக வராது, அதனால் டிஸ்க் பிளேயரை ரிசீவரிலேயே நேராகச் செருகினேன். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டி.வி.யும் ரிசீவரும் ஒன்றையொன்று மறந்துவிடும், சத்தம் டி.வி.யிலேயே வரும். இரண்டையும் பிளக்கிலிருந்து பிடுங்கி ஐந்து நிமிஷம் விட்டுப் போட்டால் சரியாகிவிடும். எனக்கு இது எரிச்சல்தான், பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

உதடும் குரலும் ஒட்டாத தொல்லையும் கொஞ்ச நாள் இருந்தது. டி.வி. படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரத்தில் குரல் முந்திக்கொண்டு வந்துவிடும். குரல் பிந்தினால் நாம் ஓரளவு பொறுத்துக்கொள்வோம், முந்தினால் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவோம். 45 மில்லிசெகண்ட் முந்தினாலே கவனத்துக்கு வந்துவிடும், பிந்துவதில் 125 வரை தெரியாமல் போகலாம் என்று ஐ.டி.யு. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) அளவு ஒன்று உண்டு. காது சரியாகக் கேட்காதவர்கள் உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்கிறார்கள். அப்பாவைக் கவனித்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். அதனால் ஒரு செய்தி வாசிப்பவரின் உதட்டைப் பார்த்துக்கொண்டே ரிசீவரில் ஆடியோ டிலேயை பத்துப் பத்தாக ஏற்றி, 60-இல் நிறுத்தினேன்.

இல்லாதவை என்று பார்த்தால், ப்ரீ-அவுட் (வெளி ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியை எடுத்துக்கொடுக்கும் முனை) சப்வூஃபருக்கு மட்டும்தான், நாளைக்குப் பெரிய ஆம்ப் சேர்க்க வழியில்லை. மேலே கூரையில் ஸ்பீக்கர் வைக்கும் அட்மாஸ் இல்லை. பாட்டு கேட்பதற்கு நல்ல ஸ்டீரியோ ஆம்ப் அளவுக்கு வராது, ஆனால் கூடுதல் எஃபெக்ட் எதுவும் சேர்க்காத ஸ்ட்ரெய்ட் மோடில் வைத்துக் கேட்டால் மனசுக்கு நிறைவாகவே இருக்கிறது. ராத்திரி பத்துக்கு மேல் நைட் மோடைப் போட்டுவிடுவேன், இடி அடங்கி, கிசுகிசு மேலே வரும். போன வருஷம் மூன்றாவது எச்.டி.எம்.ஐ. இன்புட் செத்துப்போனது. மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன. புது மாடல்களின் பட்டியலை ஒரு வாரம் புரட்டிவிட்டு மூடி வைத்தேன்.

மூடி வைத்ததற்குக் காரணம், அந்த வாரத்தில்தான் அப்பாவுக்குக் காது மெஷின் வந்தது. முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு தன் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். படம் ஓடத் தொடங்கி இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். முகத்தைச் சுளித்தார். “அந்த நடு ஸ்பீக்கர் என்னடா இப்படிக் கத்துது?” என்றார். ரிமோட்டை எடுத்து சென்டர் அளவைத் திறந்தேன். 3-இலிருந்து 2, அப்புறம் 1. ஒவ்வொரு படிக்கும் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார், பிறகு யோசித்து, இன்னும் அரை என்றார்.